கறுப்புக் கன்வாஸ்

— கேஸ மீட்டுக்கச் சொல்லித்தான வந்த? முடியாதுக்கா. மச்சான்னு பாத்தா என் ஃபேக்டரிய மூட வேண்டியதுதான்லா.

— அதுக்கு வரல தனேசு. இந்த டின்னத் தொறந்து பாரு.

— ஐயோ! ரத்தச் செவப்பு! நம்ம பூசண அரிசில்ல இது, அக்கா! சீனனுங்க வைனுக்குக் கேக்குற அதே சரக்கு! எங்க பதுக்கி வச்சிருந்தாரு? சுரேன் மச்சான் நல்ல வெதப் பூசணத்த வெளிய வித்துட்டு, எனக்கு மட்டமானத வச்சிட்டாருன்னு சொன்னேன்ல?

— கத்தாத. செவக்கலன்னு நீ கழிச்சுப் போட்ட தட்டு அரிசிதான் இது. கோழிக்கு ஆகும்னு அள்ளிட்டுப் போயி, ஈரத்தோட டின்னுல அடச்சு, ஸ்டோருல தள்ளி மறந்துட்டேன். மத்தியானம் தொறந்தா இப்பிடி.

— சும்மா சொல்லாத. பஞ்சாட்டம் மொளச்சிச்சே தவிர, பொட்டு செவப்பு ஏறலையே அது!

— எம் புள்ளைங்க மேல சத்தியம்.

— அப்ப வெத மாறல... சூடும் அதேதான். தண்ணியும் அதேதான். அக்கா, ஒன் ஸ்டோருல லைட்டு எரியுதா?

— பல்பு போயி மாசக் கணக்காச்சு. அவருதான் நாளைக்கு, நாளைக்குன்னு...

— இருட்டு!

— என்னடா?

— மச்சான் தட்டுங்க மேல கறுப்புக் கன்வாஸ் போத்தி வச்சிருந்தாரே...

— பல்லி எச்சம் விழுதுன்னு. “ஒந் தம்பி சரக்க விட பல்லி சரக்குத்தான் ஜாஸ்தி”ம்பாரு.

— நான்தான் அத உருவி எறிஞ்சேன். வெத களவு போவுதுன்னு நம்ம சூப்பர்வைசர் சீனி காதுல ஓதினான். கேமரா மாட்டி, அதுக்குத் தெரியணும்னு ராப்பகலா டியூப்லைட்டப் போட்டேன். அப்புறந்தான் வெளுத்துச்சு. அந்த வெளுப்பக் காட்டித்தான் போலீஸ் ரிப்போர்ட்டே...

— கேமராவுல என்னதான் தெரிஞ்சிச்சு?

— தட்டத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு நிப்பாரு. ஏன் செவக்கலன்னு பாத்திருக்காரு. நான் அத... அக்கா, கெளம்பு. பத்து காஜா லாக்கப்புக்குப் போலாம். மச்சான் கால்ல விழுறேன், ரிப்போர்ட்ட மீட்டுக்கறேன். கார் சாவி எங்க?

— உக்காரு தம்பி. காலைலயே கோர்ட்டு முடிஞ்சிருச்சு. குத்தத்த ஒத்துக்கிட்டாரு. எட்டு மாசம்.

— செய்யாதத எதுக்கு ஒத்துக்கிட்டாரு?

— “செஞ்சத ஒத்துக்கங்க, கொறச்சுப் போடுவாங்க”ன்னு நாந்தான் அழுதேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு, தலைய ஆட்டிட்டாரு. நானும் அவர நம்பல தம்பி. ஒன்னத்தான் நம்புனேன்.