நடுவில் ஒரு ஆள்

அண்ணி: சுத்தியலை நிறுத்தினா கூலியும் நின்னுடும். நீ பாட்டுக்கு நம்ம பேச்சுல படிச்சுச் சொல்லு தம்பி. காது சும்மாத்தானே இருக்கு.

கொழுந்தன்: ஜல்லி தெறிக்குது அண்ணி... கடுதாசி மேலயே விழுது.

அண்ணி: விழட்டும். அவங்க ஊர்ல கல்லு இல்லாமலா இருக்கும்? எழுதினது யாரு? வந்த ஆறு பேர்ல எவ?

கொழுந்தன்: நீங்க ஒட்டடைக்குச்சின்னு பேர் வச்சீங்களே, அந்த நெட்டைப் பொண்ணு.

அண்ணி: அதுவா! மண்சட்டியைத் தலையில வச்சுக் கவுத்துட்டு, மூஞ்சியெல்லாம் மண்ணோட சிரிச்சுக்கிட்டு நிக்குமே. நல்ல பொண்ணு. கை பூரா கொப்பளம்... சாமிப் படிப்புல பாஸாயிடுச்சா?

கொழுந்தன்: அதைத்தான் எழுதியிருக்கா. இங்க வந்து நம்ம ஊருக்குத் தகரக் கூரை போட்டதும் அவங்க காலேஜுல ஒரு பாடமாம். தினமும் ஒரு நோட்டுல எழுதணுமாம்... ‘இன்னைக்கு ஏழைங்க நடுவுல கடவுளை எங்க பார்த்தேன்’னு.

அண்ணி: அதான் அடுப்படி வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்துச்சா! நான் என்னமோ அவரைப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிற மாதிரி.

கொழுந்தன்: கிண்டல் பண்ணாதீங்க. கடவுளே ஏழை வீட்டுல வந்து பொறந்தாரு, அதனால நாமளும் ஏழைங்ககிட்டப் போகணும்... இதுதான் அவங்க பாடம்.

அண்ணி: பொறந்தவரு ஆறு வாரத்துல ஊருக்குத் திரும்பிட்டாரா?

கொழுந்தன்: கடுதாசியை மடிச்சு வச்சிடவா?

அண்ணி: சரி, சரி. மூஞ்சியைத் தூக்காதே. மேல படி.

கொழுந்தன்: ‘அம்மா, உங்களைப் பத்தித்தான் என் கட்டுரை. வகுப்புல எனக்குத்தான் முதல் மார்க். உங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. ஆனா எங்ககிட்ட நீங்க ஒண்ணுமே கேக்கல. நாங்க கிளம்புற அன்னைக்குப் பாப்பா காய்ச்சல்ல கிடந்தப்பகூட...’

அண்ணி: ஏன் நின்னுட்ட?

கொழுந்தன்: எழுத்து கோணலா இருக்கு.

அண்ணி: இவ்வளவு நேரம் நேரா இருந்துச்சே.

கொழுந்தன்: ‘...கிடந்தப்பகூட ஜெபம் மட்டும்தான் கேட்டீங்க. நாங்க தலையில கை வச்சதும் பாப்பா கண்ணைத் திறந்து சிரிச்சா. போற சபையில எல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். பாப்பா இப்ப எவ்வளவு உயரம்?’

அண்ணி: உயரமா?

கொழுந்தன்: அண்ணி, சுத்தியலைப் பார்த்து... விரல்ல போட்டுக்காதீங்க.

அண்ணி: பாப்பா செத்ததை அவளுக்கு யாருமே எழுதலையா?

கொழுந்தன்: எங்க மிஷன் மேனேஜர் வேணாம்னுட்டாரு. அழ வச்சா அடுத்த வருஷம் ஆள் வராதாம்.

அண்ணி: ஏழு மாசமா என் பொண்ணு அந்த ஊர்ல சிரிச்சுக்கிட்டு இருக்கா... இருக்கட்டும். எங்கேயாவது ஒரு இடத்துல இருக்காளே.

கொழுந்தன்: உள்ள ஒரு போட்டோவும் இருக்கு.

அண்ணி: இரு, கையைத் துடைச்சுக்கிறேன்... இது நானா? வேலிக்கம்புக்குச் சேலை சுத்தின மாதிரி நிக்கிறேன். பாப்பா தலை மேல எத்தனை கை... முகமே தெரியல. பின்னால வெள்ளையா என்ன அது?

கொழுந்தன்: சுவரு.

அண்ணி: சுவருக்குச் சக்கரம் வச்சுக் கட்டின கொத்தனாரு யாரு தம்பி?

கொழுந்தன்: ...வேன்.

அண்ணி: கதவுகூட திறந்துதான் கிடக்கு.

கொழுந்தன்: அண்ணி... நான் கடுதாசி படிக்க மட்டும் வரல. திங்கக்கிழமை அடுத்த கூட்டம் வருது. அந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு வர்றாங்க. பாப்பாவைப் பார்க்கணுமாம்.

அண்ணி: எப்படி? மண்ணைத் தோண்டியா?

கொழுந்தன்: ஐயோ... எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் நாலு வயசுதானாம். அரைமணி நேரம் மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா போதும்னு மேனேஜர் சொல்றாரு. போட்டோவுலதான் முகம் தெரியலையே...

அண்ணி: என்னை அம்மான்னு கூப்பிடவும் அதுக்குச் சொல்லிக் கொடுத்தாச்சா?

கொழுந்தன்: அது என்ன கூப்பிட்டாலும் அவங்களுக்குப் புரியாதே அண்ணி.

அண்ணி: ஆமாமா. நடுவுல நீ இருக்கியே, சொல்லிக்குவே... ஒண்ணு கேக்குறேன். சாமிக்கு நம்ம பேச்சு புரியுமா? இல்ல, அவருக்கும் நடுவுல ஒரு ஆள் வேணுமா?

கொழுந்தன்: அவருக்கு எல்லாப் பாஷையும் தெரியும்.

அண்ணி: அப்ப அன்னைக்கு நான் கேட்டது அவரு காதுல விழுந்திருக்கும்.

கொழுந்தன்: ...விழுந்திருக்கும்.

அண்ணி: என்ன கேட்டேன்?

கொழுந்தன்: வேணாம் அண்ணி.

அண்ணி: என் வாயால நான் கேட்டதுதானே. சொல்லு.

கொழுந்தன்: ‘பிள்ளைக்கு வலிப்பு வந்துட்டுப் போகுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வேன் வேணும்’னு.

அண்ணி: நீ அதை எப்படிச் சொன்ன?

கொழுந்தன்: ‘பிள்ளைக்குக் காய்ச்சல்... நீங்க எல்லாரும் வேண்டிக்கணுமாம்’னு... மேனேஜர் என் முதுகுக்குப் பின்னாலயே நின்னாரு அண்ணி! விமானத்துக்கு நேரமாச்சுன்னு வாட்சைத் தட்டிக்கிட்டே. எவன் எதைக் கேட்டாலும் அவங்க பாஷைக்குக் கொண்டு போகாதேன்னு முதல் நாளே சொல்லிட்டாரு. வேணும், வேண்டிக்கணும்... ரெண்டும் நம்ம பேச்சுல பக்கத்துப் பக்கத்துச் சொல்லுதானேன்னு... பாவி நான்... அப்படியே மனசைத் தேத்திக்கிட்டேன்.

அண்ணி: மெதுவா. பக்கத்துக் கல்லுக் குவியல்ல ஆள் இருக்கு.

கொழுந்தன்: இருக்கட்டும்! ஏழு மாசமா ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. அண்ணன் உயிரோட இருந்திருந்தா என்னை வெட்டிப் போட்டிருப்பான். திங்கக்கிழமை அத்தனை பேர் முன்னாலயும் சொல்லிடறேன். அவங்க பாஷையிலயே சொல்றேன், ஒரு சொல்லு மாத்தாம. வேலை போனா போகட்டும். நான்தான் கொன்னேன்னு...

அண்ணி: சொல்லாதே.

கொழுந்தன்: ஏன்? இன்னமும் எனக்காகப் பார்க்கிறீங்களா?

அண்ணி: உனக்காக இல்ல. எதிர்வீட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வா, மடியில வச்சுக்கிறேன்.

கொழுந்தன்: உங்களால எப்படி அண்ணி முடியும்? எல்லாம் தெரிஞ்சும்...

அண்ணி: உனக்குத்தான் எல்லாம் தெரியாது. நம்ம வேன்தான் அவங்க பாஷையிலயும் வேன், தம்பி. ஒட்டடைக்குச்சிக்கு அது காதுல விழுந்துடுச்சு. நீ பெட்டிகளை ஏத்தப் போனப்ப ஓடி வந்து, பாப்பாவைக் காட்டி, வேனைக் காட்டி, ‘வேன்?’னு என்னையே கேட்டுச்சு. மேனேஜர் கூரைப் பட்டியலால விசிறிக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு நின்னாரு. எதையாவது கேக்குறவங்க பேரை அந்தப் பட்டியல்ல இருந்து அடிச்சிடுவேன்னு எங்ககிட்டயும்தானே சொல்லி வச்சிருந்தாரு. நம்ம வீட்டுக்கு மட்டும்தான் தகரம் ஏறாம இருந்துச்சு... பாப்பா கண்ணைத் திறந்து சிரிச்சாளா... காலையில பஸ்ஸுல போயிக்கலாம்னு... நான்தான் தம்பி, வேணாம்னு தலையை ஆட்டினேன்.