சீனி குடுத்துப் பாக்கிற ஸ்கான்

குரோருட் நிலையத்தில் ஏறிய தமிழ்த் தம்பதி என் முன் இருக்கையில் அமர்ந்தார்கள். இருவருக்கும் அறுபத்தைந்து வயதிருக்கும். ரயில் நகரத்தை நோக்கிப் புறப்பட்டதும் கணவர் சத்தமாகச் சொன்னார்: “எனக்குச் சீனி குடுத்துப் பாக்கிற ஸ்கான்தான் வேணும்.”

நான் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் காதை மட்டும் கொடுத்தேன்.

“டொக்டர் முதல்ல எம்ஆர்ஐ எண்டுதானே சொன்னவ,” என்றார் மனைவி. “உங்கடை மறதி அல்சைமரோ எண்டு பாக்க. மூளை சுருங்கியிருந்தால் அதிலை தெரியுமாம். தெளிவில்லையெண்டால்தான் மற்றது, பெட் ஸ்கான்.”

“பெட்டிலை, மூளை எவ்வளவு சீனியை இழுக்குதெண்டு பாப்பினமாம். பத்து வருசமா நீர் என்ரை தேத்தண்ணிக்குச் சீனி போடேல்லை. அவையெண்டாலும் தரட்டும்.”

“அது ஊசியிலை ஏத்துறது. நாக்குக்குத் தெரியாது. அதோடை, வெறும் வயித்தோடை போகவேணும்.”

அவர் சற்று யோசித்தார். “அப்ப எம்ஆர்ஐயே காணும்.”

“அதுக்குள்ளை அசையாமல், கதைக்காமல் அரை மணித்தியாலம் கிடக்கவேணும்.”

“வீட்டிலையும் அப்பிடித்தானே இருக்கிறன்.”

மனைவி சிரித்துவிட்டார். கணவர் சிரிக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சுருங்கிப்போச்செண்டு படத்திலை வந்தால் என்ன செய்வீர்?”

“இவ்வளவு காலமும் உங்களுக்கு எதையும் ரெண்டு தரம் சொன்னனான். இனி மூண்டு தரம் சொல்லுறன்.”

“கத்தாமல் சொல்லுவீரோ?”

“மூண்டாந்தரம் கத்துவன்,” என்று சொல்லிவிட்டு, கணவருடைய ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.