மேட்டில் கிடைத்த முன்பல்

இன்னும் நெருங்கி உட்காருங்கள். நம் தபால்காரரின் சகலைக்கு நேர்ந்தது இது.

மாலை ஆறு மணி. தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தின் பின்புறம், பழைய போர்க்கள மேட்டுக்குப் போகும் ஒற்றைச் சாலை. ஈ காக்கை இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது... மண்ணிலிருந்து கெட்ட இறைச்சியின் வாடை.

சகலை, பல் செட் கட்டுபவர். அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், தளபதி ஒருவரின் பல் செட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். களத்தில் செத்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கிக் கட்டியதாம். கூட வந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரோ, "என்னமா பொருத்தியிருக்கான் பாருடி!" என்று வாய்பிளந்து நின்றார்.

அவளுடைய மேல் செட்டில் முன்பல் ஒன்று காலையில்தான் உடைந்திருந்தது. மறுநாள் அவள் தம்பிக்குக் கல்யாணம். "இந்தப் பொக்கை வாயோட போட்டோவுல நிக்கமாட்டேன். நீங்களே போயிட்டு வாங்க" என்று ஒரே பிடிவாதம்.

அவளை விடுதிக்கு அனுப்பிவிட்டுத் தனியாக ஏறிய மேட்டுச் சரிவில், மழை அரித்த இடத்தில், ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. முன்பல். அளவு அச்சு அசல்... தொழில் புத்தி சும்மா இருக்குமா? கைக்குட்டையில் முடிந்துகொண்டார். விடுதியில் கொதிக்கவைத்து, தேய்த்து, பசையிட்டுப் பொருத்தினார். எங்கே கிடைத்தது என்று மட்டும் மூச்சுவிடவில்லை.

மறுநாள். பந்தியில் பாதிச் சாப்பாடு. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பல்லு வலிக்குதுங்க."

"எந்தப் பல்லு?"

"நீங்க புதுசா வச்சது."

"செட்டுப் பல்லு எப்படிடி வலிக்கும்?"

"விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க..."

கைகழுவும் இடத்தில் செட்டைக் கழற்றினார். சளக். சீழ் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. அவளுடைய ஈறில் ஒரு கீறலும் இல்லை. வீங்கியிருந்தது செட்டின் பிளாஸ்டிக் ஈறு. சீழ் அதிலிருந்துதான் வடிந்தது... வெதுவெதுப்பாக, அவர் விரலிடுக்கில். பல்லை ஆட்டிப் பார்த்தார். வேர் விட்டிருந்தது.

போட்டோக்காரர் கூப்பிட்டார்.

"குடுங்க இப்படி."

"வேணாம்டி, நாறுது!"

"நாறினா நாறட்டும். போட்டோவுல நாத்தமா தெரியப்போகுது?"

பிடுங்கி, முந்தானையில் துடைத்து, மாட்டிக்கொண்டாள். சிரித்தாள்.

அதன்பிறகு அந்த செட் கழலவே இல்லை. முன்பல் வளர்கிறது. மாதம் ஒருமுறை மனைவியை நாற்காலியில் சாய்த்து, சகலை அரத்தால் ராவிவிடுகிறார். அவளுக்கு வலிப்பதே இல்லையாம். கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத்தான் கிடப்பாளாம்.

முனகல் மட்டும் வரும். ஆண் குரலில்.