கரையானுக்கு ஒரு வீடு

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் மூட்டைப்பூச்சி இருக்கிறது, ஐயா. கூச்சப்பட வேண்டாம். காவல் நிலையம் என்றில்லை, எல்லா அலுவலகத்திலும் இருப்பதுதான். பூச்சி ஒழிப்புத் தொழிலில் தலை நரைத்தவன் நான், கண்ணில் பட்டுவிடுகிறது. தயவுசெய்து மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்.

நானும் ஒரு காலத்தில் அடித்தவன்தான். அக்கா வீட்டுக்காரரும் நானும் கூட்டாக நடத்திய கம்பெனி. போன வருடம் முதலாளிகளுக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போனேன். புத்தர் வழியில் நிர்வாகம் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். உயிரைக் கொல்லாதே, பொய் பேசாதே, பற்றை விடு. நஞ்சு விற்பது ஆகாத தொழில் என்றபோது மற்ற முதலாளிகள் தலையாட்டிக் குறிப்பெடுத்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

திரும்பி வந்ததும் மருந்து டிரம்களை அறையில் வைத்துப் பூட்டினேன். இனி எல்லாவற்றையும் உயிரோடு பிடிக்க வேண்டும் என்று ஆட்களுக்கு பெயின்ட் பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். "பிடிச்சத எங்க சார் விடறது?" என்று கேட்டார் மருந்தடிப்பவர். நியாயமான கேள்வி. கரப்பானுக்கு எங்கள் சாப்பாட்டு அறையை ஒதுக்கினேன், எலிகளுக்கு என் மேசை இழுப்பறைகளை. ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். வேலையின்மேல் பற்றை விட்டுவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன்.

மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை. "பூச்சிய கொல்லுன்னு காசு குடுக்கறான், நீ என்னடான்னா அதுங்கள குசலம் விசாரிச்சிட்டிருக்க. வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன் மாப்ள. அப்புறம் பூட்ட ஒடைச்சு மருந்த எடுத்துருவேன்" என்றார். கோபமே வரவில்லை எனக்கு, பாவமாக இருந்தது. அந்த மனிதருக்குத் தன் வீட்டின்மேல் அவ்வளவு பற்று. மரத்தாலேயே இழைத்துப் போட்ட கூரை. அதை அண்ணாந்து பார்க்கவைக்காமல் வந்தவரை உட்காரச் சொல்ல மாட்டார்.

கரையான்தான் எனக்குச் சிக்கலாக இருந்தது. அதற்கு மரம் வேண்டும், நிறைய வேண்டும். யோசித்தபோது இரு தரப்புக்கும் நன்மை செய்ய வழி தெரிந்தது. கரையான் ஏறிய மரத்துண்டுகளை ராணியோடு பெயர்த்து அவர் வீட்டுப் பரணில் வைத்தேன். "பரண்ல கொஞ்சம் மரத்துண்டு வெச்சுக்கறேன்க்கா" என்று அக்காவிடம் சொல்லித்தான் வைத்தேன், பொய் எனக்கு ஆகாது. உத்தரத்தோடு ஒட்டி அடுக்கி, வாரா வாரம் போய்த் தண்ணீர் தெளித்துப் பிள்ளை மாதிரி வளர்த்தேன்.

உத்தரத்தைத் தட்டினால் உள்ளே எவ்வளவு மரம் மிச்சம் என்று சொல்லிவிடுவேன். சனிக்கிழமை தட்டிப் பார்த்தேன். ஞாயிறு காலையில் அக்காவையும் பிள்ளைகளையும் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். மச்சானையும் அழைத்திருக்கலாம். ஆனால் பற்று அவருக்குத்தானே இருந்தது.

மதியம் போன் செய்தார். "மாப்ள, மேல உத்தரம் நெரியற சத்தம் கேக்குது. நீ கரையானோட பழகின ஆளு, சொல்லு. தாங்குமா, வெளிய ஓடிரவா?" எனக்கும் ஒரு கணம் பதற்றம் வந்தது. அதைக் கவனித்தேன், அடங்கிவிட்டது. தாங்கும் என்றால் பொய்யாகிவிடும்.

"எதுதான் மச்சான் நிலையா நிக்குது? பயத்துக்காக ஓடாதீங்க. அப்படியே உக்காந்து மூச்ச மட்டும் கவனிங்க" என்றேன்.

ஒரு வருடமாக என் பேச்சை ஒரு நாளும் கேட்காதவர், ஐயா. "சரி மாப்ள, உக்காந்துட்டேன்" என்றார். ஒரு நிர்வாகியாக எனக்கு அன்றுதான் மனம் நிறைந்தது.