நாலாவது தட்டுப் புத்தகம்

அந்த நாக்காலி வேணாம்மா, கால் ஆடும். அது சும்மா பார்வைக்குப் போட்டிருக்கது. இங்குட்டு இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க, இப்பத்தேன் தொடச்சேன். காபியக் குடிங்க. கிளார்க்கு உடையப்பன் வர இன்னம் நேரமாகும். விசாரிக்க ஆபீசரம்மா வந்திட்டாக, பீரோ குடுத்த வீட்டு ஆச்சியக் கையோட கூட்டியாறேன்னு போயிருக்காரு.

நானாம்மா? நா இந்த ஆசுபத்திரியில ஆயா. பேரு சொக்கு. இந்த லைப்ரரி ரூமக் கூட்டுறது, கண்ணாடி பீரோவத் தொடைக்கிறது, அங்குட்டுப் பிரசவ வார்டுல துணி அலசுறது, எல்லாம் நாந்தேன். காபியக் குடுத்துட்டு வாயத் தொறக்காம நில்லுன்னு சொல்லிட்டுப் போனாரு. அதச் சொல்லவே வேணாம். எனக்குப் பெரிய மனுசங்க முன்னால பேச்சே வராது. எங்க வீட்டுக்காரவுக கேப்பாக, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கன்னு.

ஏய் அழகி, அவுக கொடையப் பிடிச்சு இழுக்காத. எம் மகதேம்மா. மூணு வயசாகப் போகுது. வீட்டுல பாத்துக்கிற ஆளில்ல, அதேன் இடுப்புலயே தூக்கிக்கிட்டு வாறேன்.

ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதேன் சொல்லணும்னு காலையில இருந்து நெனச்சுக்கிட்டே இருக்கேன். நாச்சியாள வீட்டுக்கு அனுப்பிப்புடாதீக. அந்தா, வேப்ப மரத்தடியில தகரப் பெட்டி மேல ஒக்காந்திருக்கா பாருங்க, அந்தப் புள்ளதேன். சிங்கம்புணரிப் பக்கம். நர்சு டிரெயினிங்ல சேந்து இன்னம் ஒரு வருசம் ஆகல. அவுக அய்யாவுக்குத் தந்தி குடுத்தாச்சு. ஒங்க கையெழுத்து ஒண்ணுதேன் பாக்கி, சாயங்காலம் பஸ்ஸுல ஏத்தி விட்டுருவேன்னு கிளார்க்கு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.

ஆமாமா, எழுதிக் குடுத்திருப்பாரு. வெள்ளிக்கெழம மத்தியானம் நாலாவது தட்டுக் கண்ணாடி ஒடஞ்சு கெடந்துச்சு. பிரசவம் பாக்குற புத்தகத்தக் காணோம். நோட்டத் தொறந்து பாத்தா அந்தப் புத்தகத்துக்கு நேரா நாச்சியா கையெழுத்து. பொறவு என்ன, திருடி அவதேன்.

அந்த நோட்டு ஒங்க மடியிலதான இருக்கு? கொஞ்சம் நல்லாப் பாருங்க. மார்கழி மாசத்துல இருந்து மாசி வரைக்கும் யாரு யாரு புத்தகம் எடுத்தாக, என்னைக்கிக் குடுத்தாகன்னு போட்டிருக்கா? எல்லாம் ஒரே பச்சை மை. மூணு மாசமா ஒரே பேனாவுக்கு மை தீராமயே இருந்திச்சாக்கும். போன மாசம் மெட்ராசுல இருந்து ஒங்க ஆளுக பாக்க வாராகன்னு கடுதாசி வந்துச்சு. அன்னைக்கி மத்தியானம் டிரெயினிங் புள்ளைகளையெல்லாம் வரிசையா நிக்க வச்சு, இங்கன போடு, அங்கன போடுன்னு இவரு வெரலால காட்டக் காட்ட அதுக கையெழுத்துப் போட்டுச்சுக. நா அந்த மூலையில கூட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு புத்தகம் பீரோவ விட்டு வெளிய வரல. இவரு வெரலு பிரசவப் புத்தகத்துல நின்னப்ப நாச்சியா மொறை வந்துச்சு, போட்டா. அந்தக் கையெழுத்தக் காட்டித்தேன் இப்ப அவளத் திருடிங்கிறாரு.

மெட்ராசுல இருந்து மொதல்ல வந்தவுகளா? வந்தாக. அன்னைக்கி மட்டும் பீரோ தொறந்துச்சு. நாலு புள்ளைகள வெள்ளச் சீலையில இந்த மேசையச் சுத்தி ஒக்கார வச்சு, ஆளுக்கொரு புத்தகம் குடுத்தாரு. பக்கத்தப் பொரட்டாதீக, அழுக்காகும், பாத்துக்கிட்டு மட்டும் இருங்கன்னுட்டாரு. போட்டோ எடுத்தாக. அவுக காரு தெருமொனையத் தாண்டல, புத்தகத்தப் புடுங்கி உள்ள வச்சுப் பூட்டிட்டாரு.

மத்த நாள்ல இந்த மேசை எதுக்கா? அவரு படுக்க. சாப்பிட்டு வந்து இது மேலதேன் ஏறிப் படுப்பாரு. ஈரத் துண்டு அந்த ஆடுற நாக்காலில காயும். அந்த சன்னலுக்கு வெளிச் செவுத்த எட்டிப் பாருங்க, மேல இருந்து கீழ வரைக்கும் செவப்பா வழிஞ்சிருக்கும். ரெத்தம்னு பயந்துறாதீக, வெத்தல. தெனம் நாந்தேன் கழுவுறேன். ஆசுபத்திரித் துணி எம்புட்டோ அலசிருக்கேன், சீழு, ரெத்தம், நஞ்சுக்கொடி, எதுலயும் எனக்கு அருவருப்பு வந்ததில்ல. இந்த வெத்தலச் சாறக் கழுவுறப்ப மட்டும் வாயப் பொத்திக்கிருவேன்.

சரஸ்வதி பூசையன்னைக்கிப் புத்தகத்தத் தொடக் கூடாதும்பாகள்ல. இந்த ரூம்ல வருசம் பூரா சரஸ்வதி பூசைதேம்மா. அந்துருண்டை வாடை அடிக்குதுல்ல? மாசத்துக்கு ஒரு தடவ நாந்தேன் கண்ணாடி இடுக்கு வழியா உருட்டி விடுவேன்.

ஆச்சியக் கொறை சொல்ல மாட்டேன். தேனம்மை ஆச்சி நல்லவுக. அவுக அப்பச்சி, அதேன் அப்பா, அவரு அறுபதாங் கல்யாணத்துக்குத்தேன் இந்த மூணு பீரோவும் புத்தகமும் குடுத்தாக, அறுபத்தெட்டுல. ஆனா அவுக வீட்டுப் பழக்கம் தெரியுமா? மக கல்யாணத்துக்குச் சாமான் பரப்புவாக. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பாய், தலகாணின்னு கூடம் கொள்ளாம அடுக்கி ஊருக்கே காட்டுவாக. பொறவு அம்புட்டும் உள்ள போயிரும். நாப்பது வருசம் கழிச்சுத் தொறந்தாலும் கீறல் விழாம அப்பிடியே இருக்கணும், அதுதேன் பெருமை. புத்தகத்தையும் அந்தக் கணக்குலதேன் குடுத்தாக. வருசா வருசம் பங்குனியில வந்து ஒண்ணொண்ணா எண்ணிப் பாப்பாக. எண்ணிக்க சரியா இருந்தா அவுகளுக்கு மொகம் மலர்ந்துரும். அவரும் அதுக்குத் தக்கனதேன் நடந்துக்கிருவாரு. சாவிய அரைஞாண் கயித்துலதேன் முடிஞ்சிருப்பாரு.

டியூட்டரம்மாவா? அவுக பாவம், அவுகளுக்கும் சாவி கெடையாது. பாடம் நடத்துறப்ப புள்ளைகள இங்குட்டுக் கூட்டியாந்து, கண்ணாடிக்கு வெளிய நின்னு வெரலால காட்டுவாக. அந்தா நாலாவது தட்டுல நீல அட்டை போட்டிருக்குல்ல, அதுல எல்லாம் படத்தோட இருக்குன்னு. புள்ளைக அட்டையப் பாத்து நோட்டுல எழுதிக்கிரும். சிரிக்காதீக. நானும் மொதல்ல சிரிச்சேன்.

ஆடி மாசம் வரைக்கும் சிரிச்சேன்.

சொல்றேன். ஆடியில ஏழாம் நம்பர் கட்டில்ல ஒரு பிரசவம். காலையில பத்து மணி இருக்கும். பெரிய டாக்டரம்மாவும் சிஸ்டரும் ஆப்பரேசன் ரூம்ல, வேற ஒரு பொம்பளைக்கு வயித்தக் கிழிச்சுக்கிட்டு இருந்தாக. அங்க கதவச் சாத்திட்டா யாரும் உள்ள போக முடியாது. வார்டுல நாச்சியா மட்டுந்தேன். சேந்து ரெண்டு மாசங்கூட ஆகல அப்ப. புள்ள வந்திருச்சு. ஆம்பளப் புள்ள. நல்ல முழுசான புள்ள, தலமுடி கருகருன்னு. ஆனா அழுகல. நீலம் பூத்துப் போயி, வாயில கோழையோட கெடந்துச்சு. நாச்சியா உள்ளங்கால்ல தட்டுனா, தண்ணி தெளிச்சா, முதுகத் தேச்சா. அவளுக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தேன். பொறவு புள்ளையத் துணியில சுத்திப் பெத்தவ பக்கத்துல வச்சுட்டு, இந்தா வந்துர்றேன்னு ஓடுனா.

எங்கயா? இங்கதேன். வேற எங்க ஓடுவா? அந்தப் புத்தகத்துல படத்தோட இருக்குன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காக. கிளார்க்கு அன்னைக்கிப் பிள்ளையார்பட்டிக்குப் போயிட்டாரு. சாவி அவரு இடுப்புல. இவ பீரோ முன்னால வந்து கண்ணாடியில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு நின்னா. ஏழாம் நம்பர் கட்டில்ல படுத்து சன்னல் வழியாப் பாத்தா இந்த ரூமு நேராத் தெரியும். நின்னா, நின்னா, நின்னுக்கிட்டே இருந்தா. ஒடைச்சிருக்கலாம். ஆச்சி வீட்டுக் கண்ணாடில்ல, பயம். திரும்பி வந்தப்ப வேல முடிஞ்சு போச்சு.

டாக்டரம்மா வந்து பாத்துட்டு நோட்டுல ஒரு வரி எழுதுனாக. பொறக்கயிலயே உசுரு இல்லன்னு. இருந்துச்சும்மா. நெஞ்சு ரெண்டு தடவ ஏறி எறங்குச்சு.

ம், இருந்தேன். அன்னைக்கி வார்டுலதேன் இருந்தேன்.

அழுகையெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அந்துருண்டை வாடை கண்ணுல ஏறுது. நீங்க எழுதுறத நிப்பாட்டாதீக. இன்னம் வெள்ளிக்கெழம சமாச்சாரத்தச் சொல்லல.

மொத நா வியாழக்கெழம ஆச்சி எண்ண வந்தாக. எண்ணிக்க சரியா இருந்துச்சு. புள்ளைக நல்லாப் படிக்கிறாகளான்னு கேட்டாக. நெசமாக் கேட்டாக, எங் காதால கேட்டேன். அதுக்கு இவரு கையக் கட்டிக்கிட்டு, ஒரு பொட்டு அழுக்குப் படல ஆச்சின்னாரு. கேட்டதென்ன, சொன்னதென்ன? அவுகளும் அதக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டாக. பொறவு கண்ணாடியத் தடவிப் பாத்து, தண்ணி மாதிரி இருக்கே, யாரு தொடைக்கிறதுன்னாக. என்னையக் காட்டுனாரு. ஆச்சி பக்கத்துல வந்து எங் கன்னத்தத் தொட்டு, நீ ஒருத்திதேன் சாமானோட அருமை தெரிஞ்சவன்னு சொல்லி, ரெண்டு மலைப்பழத்த எங் கையில வச்சாக.

அதத் திங்க முடியல. வெளிய போயி சாக்கடையில போட்டேன். இம்புட்டு நாளா கிளார்க்கப் பாத்தாத்தேன் கொமட்டும். அன்னைக்கி எங் கையப் பாத்தே கொமட்டுச்சு. தெனம் காலையில எந்திரிச்சு வந்து, வேப்பெண்ணெயில மரத்தத் தொடச்சு, காயிதத்தால கண்ணாடியத் தேச்சு, அந்த நீல அட்டை பளிச்சுன்னு தெரியணும்னு எட்டு மாசமாப் பாடுபட்டது யாரு? நாந்தான?

அதேன் வெள்ளிக்கெழம கிளார்க்கு சாப்பிடப் போனப்ப தண்ணிச் சொம்ப ஈரத் துணியில சுத்தி அடிச்சேன். மொத அடியில கீறல் விழுந்துச்சு, ரெண்டாவது அடியில வந்திருச்சு. இந்தா பாருங்க, மணிக்கட்டுல. கட்டு எதுக்குன்னு கிளார்க்கு கேட்டாரு, அருவாமனைன்னு சொன்னேன். அவரு கண்டுக்கல. ஆயா புத்தகம் எடுப்பான்னு யாருக்குத் தோணும்? நாச்சியாளுக்கு மட்டும் தெரியும், அவதேன் கட்டுப் போட்டு விட்டா. மூணு நாளா அவளப் போட்டு அதட்டுறாக, வாயத் தொறக்க மாட்டேங்குறா. எம் மொகத்தையும் நிமிந்து பாக்க மாட்டேங்குறா. ஆடியில இருந்தே பாக்க மாட்டா.

படிக்கத் தெரியும்மா. அஞ்சாப்பு வரைக்கும் கொத்தமங்கலத்துல படிச்சேன். எழுத்துக் கூட்டித்தேன் வாசிப்பேன். இந்த மூணு பீரோவுலயும் தமிழ்ல உள்ளது அது ஒண்ணுதேன். பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நாந்தேன் மொதல்ல பிரிச்சேன். அந்தப் படம் நடுவுல இருக்கு. புள்ளையத் தலை தாழ வச்சுக்கிறணும். வெரல்ல துணியச் சுத்தி வாயில உள்ள கோழைய எடுக்கணும். பொறவு அது மூக்கோட வாயச் சேத்து நம்ம வாய வச்சு, மெதுவா, கன்னத்துக் காத்த மட்டும் ஊதணும். அம்புட்டுத்தேம்மா. நாலு படம். காபி ஆத்துற நேரங்கூட ஆகாது. இம்புட்டுண்டு காரியத்தையா பூட்டுப் போட்டு வச்சிருந்தீகன்னு தரையில ஒக்காந்துட்டேன். சீன்னு போச்சு.

ஒனக்கு எதுக்கு அந்தப் புத்தகம்னு கேக்குறீக. சரிதேன், கேக்கணும்ல. அந்த ஆடிக்குப் பொறவு நா ஒரு மாசம் வேலைக்கி வரல. நா இல்லைன்னா இந்த ரூம யாரும் தொட மாட்டாக. திரும்பி வந்த அன்னைக்கிக் கண்ணாடியில தூசி அப்பியிருந்துச்சு. அந்தத் தூசிக்குள்ள ரெண்டு கை தடம், பத்து வெரலும் விரிச்சபடி. நாச்சியா கை. கிளார்க்கு பின்னால நின்னுக்கிட்டு, என்ன பாத்துக்கிட்டே நிக்கிற, பிள்ள பெத்துட்டு வந்தா கையில சத்தில்லையா, தேய்னாரு. தேச்சேன்.

ஆமாம்மா. ஏழாம் நம்பர் கட்டில்ல நாந்தேன் படுத்திருந்தேன்.

அழகி, வா இங்குட்டு. அம்மா ஒண்ணும் அழுகல.

புத்தகம் பத்திரமா இருக்கு. பிரசவ ரூம்ல வெந்நி அண்டாவுக்கு மேல உள்ள பலகையில, கையெட்டுற தூரத்துல. புள்ளைக மாத்தி மாத்திப் பாக்குதுக. அழுக்காயிருச்சு, ஒரு பக்கத்துல ரெத்தக் கறைகூட இருக்கு. ஆச்சி வந்தா நானே சொல்லிக்கிறேன்.

அந்தா, வண்டிச் சத்தம் கேக்குது, வந்துட்டாக போல. அதுக்குள்ள அந்த நோட்ட எடுங்க. ஒங்ககிட்ட இருக்கது நீல மைதான? நாச்சியா பேர அடிச்சுருங்க. எடுத்தவர் பேர்ங்கிற கட்டத்துல சொக்குன்னு எழுதுங்க. தேதி, போன வெள்ளிக்கெழம. பக்கத்துல திருப்பிக் குடுத்த தேதின்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அத மட்டும் வெறுமனே விட்டுருங்கம்மா.