ஸ்பெங்லர் தெருவில் மதியத் தூக்கம்

மதிய உணவுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணயர்வது என் வழக்கம். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், மேடம். கிராட்ஸ் நகரத்தில் எங்கள் ஸ்பெங்லர் தெரு மாதிரி தூங்குவதற்கு ஏற்ற தெரு வேறு கிடையாது. டிராம் எங்கள் தெருவுக்கு வராமலே திரும்பிவிடும். எதிரே ஒரு பழைய வங்கிக் கட்டடம், பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. பூட்டிய கட்டடத்தைப் போல நல்ல அண்டை வீட்டுக்காரர் அமைவது அபூர்வம். ஆயுசெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து அடுத்தவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்றபின் என் கண்ணைச் சற்று மூடிக்கொள்ள ஆசைப்பட்டேன்.

யெமானேயின் ஜன்னலில் கல் எறிந்தது யார் என்று கேட்டீர்கள். அது எனக்குத் தெரியாது. நான் எறியவில்லை. என் தோள்பட்டை அதற்கு ஒத்துழைக்காது. ஆனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

யெமானே என் மாடியிலேயே குடியிருந்தார். என் படுக்கையறை தெருவைப் பார்த்தது, அவருடையது பின்பக்கம் இருந்த சந்துப் பக்கம் பார்த்தது. எரித்ரியாவிலிருந்து இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது. கீழ்த்தளத்தில் ரோஸ்விதாவின் பேக்கரியில் ரொட்டி சுடுகிறவர். ஊர் விழிக்கும் முன்பே வேலைக்குப் போய், மதியம் திரும்பி வந்து தூங்குவார். எங்கள் கட்டடத்தில் மதியத் தூக்கத்தின் அருமை தெரிந்தவர்கள் அவரும் நானும்தான். படியேறும்போது காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கம்பளிக் காலுறையோடு வருவார். அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

"நல்லா தூங்குங்க, அல்பின் சார்" என்பார்.

"நீங்களும்" என்பேன்.

எங்கள் நட்பில் இதற்குமேல் பேச்சு தேவைப்படவில்லை.

வசந்தகாலத்தில் ஒரு நாள் எங்கள் வார்டு தலைவி என்னைத் தெருவில் நிறுத்தி மகிழ்ச்சியாக ஒரு செய்தி சொன்னார். எதிர்க் கட்டடத்தில் சிறுவர்களுக்கான பித்தளை வாத்தியப் பள்ளி வரப்போகிறதாம். டிராம்போன், டூபா எல்லாம் சொல்லித்தருவார்களாம். பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேராக வந்துவிடுவார்களாம், அதாவது மதியம். நான் அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு பேக்கரிக்குள் போனேன்.

அங்கே நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "எதிர்க் கட்டடத்தில் ஆட்கள் வரப்போகிறார்களாம்." அது உண்மை. பிள்ளைகளும் ஆட்கள்தான்.

"எந்த ஆளுங்க?" என்றாள் ரோஸ்விதா.

நான் புருவத்தை மட்டும் உயர்த்தினேன்.

"அட கடவுளே" என்று அவள் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். "அந்த ஆளுங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லல, ரோஸ்விதா."

"நீங்க சொல்ல வேணாம் சார். உங்க மூஞ்சியே சொல்லுது. எத்தனை பேரு?"

பாக்கி வாங்குவதற்காக நான் கையை நீட்டினேன். ஐந்து விரலும் விரிந்திருந்தது. அதை அவள் ஐம்பது என்று எடுத்துக்கொண்டாள். நான் பூசணி விதை பன்னை முடிப்பதற்குள் வரிசையில் நின்றவர்கள் அதை நூறாக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலம் டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர், நானூறு அகதிகள் வருகிறார்கள் என்று எனக்கே சொன்னார். தனியாக வருகிற ஆண்கள் என்றும், நல்ல உயரம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

பெற்றோர் பயந்து பின்வாங்கியதால் ஒரே வாரத்தில் வாத்தியப் பள்ளித் திட்டம் கைவிடப்பட்டது. என் காரியம் முடிந்தது. அதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

கெர்னோட் வாலிஷ் என்று ஒருவர் எங்கள் வட்டாரத்தில் ஜன்னல்களுக்கு வெயில் மறைப்பு மாட்டும் தொழில் செய்துகொண்டிருந்தார். அந்த வசந்தத்தில் அவருக்கு அரசியல் பிறந்தது. 'நம் தெரு அணி' என்று ஒன்றை ஆரம்பித்து, ஒலிபெருக்கியோடு வங்கிக் கட்டடத்தின் முன்னால் வந்து நின்றார். தினமும் மதியம். அப்போதுதான் எல்லோருக்கும் சாப்பாட்டு இடைவேளையாம். பின்னால் விசில், தகர டப்பா, மாட்டு மணி. ரோஸ்விதா கடையைப் பாதி சாத்திவிட்டு விசிலோடு முன்வரிசையில் நின்றாள்.

"யெமானே உன்கிட்டதானே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன்.

"அவன் நம்ம பையன் சார். அவன் இல்லன்னா எனக்குக் கடையே இல்ல. நான் சொல்றது மத்தவங்களை."

இவர்களைப் பார்த்து மறுதரப்பும் வந்தது. 'வரவேற்புக் குழு' என்று பெயர். வர இருக்கும் நானூறு பேருக்காகக் கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்திருந்தார்கள். பெரிய பானையில் பருப்பு சூப், இரண்டு கைமேளம், வரவேற்புப் பாட்டு. யாருமே வராததால் சூப்பை அவர்களே குடித்தார்கள். இரண்டாம் நாள் வேலை முடிந்து களைப்பாக வீடு திரும்பிக்கொண்டிருந்த யெமானேயைப் பிடித்து, தலையில் தொப்பியை மாட்டி, "எங்க நாட்டுக்கு நல்வரவு!" என்றார்கள்.

"அக்கா, நேத்து காலைல நீங்க வாங்கிட்டுப் போன ரொட்டி நான் சுட்டதுதான்" என்றார் அவர்.

அந்தப் பெண்மணி கண்கலங்கிவிட்டாள். "எவ்வளவு சீக்கிரம் மொழியைக் கத்துக்கிட்டார் பாருங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

அப்படி யாரும் வரவில்லை என்று வார்டு தலைவி அறிக்கை விட்டார். மறுக்கிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்று இரண்டு தரப்பும் முடிவு கட்டியது. மிரண்டுபோன அவர் மறுநாள் சமரசத்துக்கு வந்தார். வர இருப்பவர்களில் பாதிப் பேரை மட்டும் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். பாதி அதிகம் என்று ஒரு பக்கமும், பாதி போதாது என்று மறுபக்கமும் கத்தின. என் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்துவிட்டது, மேடம்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இதை நீங்கள் எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ளலாம். முதலில் ரோஸ்விதாவிடம்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராவது மிரட்டினாங்களா சார்? பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்" என்றாள். பிறகு கெர்னோட்டைத் தனியாக அழைத்துப் போனேன்.

"அங்க யாரும் வரல கெர்னோட். நான்தான் கிளப்பிவிட்டேன்."

"மெதுவா பேசுங்க சார்" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். "நீங்க கிளப்பினது இருக்கட்டும். ஜனங்க பயந்துட்டாங்கல்ல? அந்தப் பயம் நிஜம்தானே?"

"வர்றதுக்கு ஆளே இல்லையேப்பா."

"அதான் சார் நம்ம பலமே. ஆளு வந்துட்டான்னா பேரு என்ன, எத்தனை புள்ளைங்கன்னு கேட்டுப் பழகிடுவாங்க. வராத ஆளு மேல வர்ற கோபம் இருக்கே, அது ஆறவே ஆறாது."

சாமர்த்தியமான மனிதர். வெயில் மறைப்புத் தொழிலில் அவர் வீணாகிக்கொண்டிருந்தார் என்றே சொல்வேன்.

எனக்கு அவருடைய அரசியலில் அக்கறை கிடையாது. என் அக்கறையெல்லாம் அவர் எங்கே நிற்கிறார் என்பதில்தான். முன்பக்கம் நிற்பதற்குப் பதிலாகப் பின்பக்கம் நின்றால் என்ன? அதைத்தான் யோசித்தேன். ஆகவே ஒரு விவரத்தைச் சொன்னேன். இந்தப் பக்கம் வெறும் கட்டடம்தான் இருக்கிறது, பின்பக்கச் சந்தில் ஒருவர் நிஜமாகவே குடியிருக்கிறார் என்றேன். அதில் பொய் இல்லை.

கெர்னோட் தாடையைச் சொறிந்தார். "யாரு, ரொட்டிக்காரரா? அவரை எல்லாருக்கும் தெரியுமே சார். முகத்தைப் பார்த்தா கத்த மாட்டாங்க."

"சந்துல இருந்து பார்த்தா முகம் தெரியாது" என்றேன். "ஜன்னல் மட்டும்தான் தெரியும்."

பார்வை விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவருடைய அம்மாவுக்குக் கண்ணாடி போட்டவன் நான். எந்த ஜன்னல் என்று கேட்டார். இடமிருந்து மூன்றாவது என்றேன். பெயர் கேட்டார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன், இரண்டு முறை. ஒருவருடைய பெயரைத் தப்பாக எழுதுவது மரியாதை அல்ல.

மறுநாள் மதியம் ஊர்வலம் பின்பக்கச் சந்துக்குப் போனது. வரவேற்புக் குழுவும் மேளத்தோடு பின்னாலேயே ஓடியது. தெரு காலியாகிவிட்டது. எதிர்க் கட்டடத்தின் மேல் இரண்டு புறாக்கள் மட்டும் இருந்தன. அன்று நான் தூங்கிய தூக்கத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எழுந்தபோது காபி குடிக்கும் நேரம் கடந்திருந்தது.

பதாகையை ரோஸ்விதாவும் ஒரு முனையில் பிடித்திருந்தாளாம். அதில் 'யெமானே, வெளியேறு' என்று பிழையில்லாமல் எழுதியிருந்தது. நான் அவளிடம் கேட்டேன்.

"இது வேற யெமானே சார்" என்றாள். "அந்த ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு இந்தப் பேருதான்."

சில நாள் கழித்து யெமானே என் கதவைத் தட்டினார். கண் சிவந்திருந்தது. காலுறையோடுதான் நின்றார்.

"சார், இவங்க என் பேரைச் சொல்லிக் கத்துற மாதிரி இருக்கு."

"அப்படியா? இந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கல" என்றேன். அதுவும் உண்மை.

"யாரை எதிர்த்துக் கத்துறாங்க?"

"வரப்போறவங்களை."

"நான் வந்து பதினாலு வருஷம் ஆச்சே சார்."

அவருக்காக வருத்தப்பட்டேன். என்னிடம் மெழுகில் செய்த காதடைப்பான் ஒரு பெட்டி இருந்தது. எனக்கு இனி அது தேவைப்படாது என்பதால் முழுப் பெட்டியையும் கொடுத்துவிட்டேன். மறுநாள் நன்றி சொல்ல ஒரு பை நிறைய சூடான பன் கொண்டுவந்தார். காதை அடைத்தாலும் தரையதிர்வு விடுவதில்லை என்று சொன்னார். தூக்கமில்லாமல் அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். கட்டுப் போட்டிருந்தது.

கல் விழுந்தது அதற்கடுத்த வாரம். காதில் மெழுகு இருந்ததால் கண்ணாடி உடைந்த சத்தமே அவருக்குக் கேட்கவில்லை. விழித்தபோது போர்வை முழுக்கச் சில்லு, தலையணைக்குப் பக்கத்தில் கல். "நல்லவேளை சார், உங்க மெழுகு இல்லன்னா பதறி எழுந்து காலைக் கிழிச்சுக்கிட்டிருப்பேன்" என்றார். நான் துடைப்பம் எடுத்துக்கொண்டு போய்ச் சில்லுகளைக் கூட்டினேன். கண்ணாடியைக் கையாளத் தெரிந்தவன் நான்தானே.

அவர் ப்ரெகென்ஸுக்குப் போய்விட்டார். நாட்டின் மறுகோடி. ஏரிக்கரையில் ஒரு பேக்கரியில் வேலையாம். பெட்டிகளை இறக்க நான்தான் உதவினேன். ரோஸ்விதா கழுத்தில் விசிலோடு வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள். "எவனோ ஒரு பாவி பண்ணின வேலை" என்றாள். ஒரு மாதம் தொழிற்சாலை ரொட்டி வாங்கி விற்றுப் பார்த்தாள். யாரும் வாங்கவில்லை. கடையை மூடிவிட்டாள்.

கெர்னோட் வெற்றி விழா நடத்தினார். நானூறு பேரைத் தடுத்து நிறுத்திவிட்டோம் என்று பேசினார். அந்த நானூறு பேரில் நிஜமாக இருந்தவர் ஒருவர்தான் என்பது எனக்கு மட்டும் தெரியும். வரவேற்புக் குழு மெழுகுவத்தி ஏற்றி மௌனமாக நின்றது. அந்த ஒன்றை மட்டும் அவர்கள் நன்றாகச் செய்தார்கள். தேர்தலில் கெர்னோட் ஜெயித்தார். இப்போது அடுத்த வார்டில் வேறொரு கட்டடத்தின் முன்னால் நிற்கிறார்.

ஆக, யாரால் என்று கேட்டால், என்னால்தான். செய்தியைக் கிளப்பியது நான். ஜன்னலைக் காட்டியது நான். பெயரைச் சொன்னது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெறுப்பு என்ற சொல்லை மட்டும் சேர்க்க வேண்டாம். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

என்னை விசாரித்தால் உண்மை தெரியும் என்று யெமானேதான் உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். அது அவருடைய பெருந்தன்மை. போன ஞாயிற்றுக்கிழமைகூடத் தொலைபேசியில் பேசினார். ஏரிக்காற்று நன்றாக இருக்கிறதாம், ஒரு வாரம் வந்து தங்குங்கள் என்கிறார். போகலாம் என்றுதான் இருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம், மேடம். இந்த வாக்குமூலத்தின் நகல் அவருக்கும் போகுமா? முடிந்தால் அனுப்பாதீர்கள். மனது உடைந்துபோவார். இந்த நாட்டில் அவருக்கு என்னை விட்டால் வேறு நண்பர் கிடையாது.