கட்டிலுக்கடியில் ஒரு ராஜா

வளைகுடாவில், ருவைஸ் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து காலை டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு வெல்டர்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று ஆரம்பித்தார்.

"மாப்ள, எகிப்து ராஜாவும் நானும் ஒரே ரகம்டா."

"ஏன், உனக்கும் பிரமிடு கட்டப் போறாங்களா?"

"நேத்து மெஸ் டிவில காட்டுனான். ராஜா செத்தா, மேலோகத்துல வேணும்னு கட்டில், சென்ட், துணிமணி எல்லாத்தையும் கூடவே வச்சு மூடிருவாங்களாம். ஏழைய வெறும் பாயில சுத்தி மணல்ல புதைச்சிருவாங்களாம்."

"சரி, அதுக்கு?"

"என் கட்டிலுக்கடியில அட்டைப்பெட்டி பாத்திருக்கேல்ல? சென்ட், கம்பளி, டார்ச், ரெண்டு டஜன் சோப்பு. லீவுல கொண்டுபோக டேப் ஒட்டி வச்சது. லீவு மூணு தடவை தள்ளிப்போச்சு. பெட்டி அப்படியே இருக்கு."

"அட கிறுக்கா, சோப்பையாவது எடுத்துக் குளிக்கலாம்ல?"

"அது ஊருக்குடா. பிரிக்க மனசு வரல."

"அப்ப இத்தனை நாளா எதுல குளிக்கிற?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மணலைப் பார்த்தபடி சொன்னார்.

"ராஜான்னு சொன்னேன்ல? ராஜான்னா வரி வாங்கணும்ல? உன் சோப்புலதான்."